கண்டுபிடிப்பதும் வேலைதான்

பழுதைச் சரிசெய்தால் கூலி கொடுக்கிறோம். பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்ததற்கும் தனியாகக் கூலி கொடுக்க வேண்டும். வண்டி வைத்திருப்பவர்களிடமும் என்னைப் போன்ற மெக்கானிக்குகளிடமும் இதைக் கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

திருவொற்றியூர் காலடிப்பேட்டைப் பக்கம் சின்னதாக ஒரு கார் பட்டறை வைத்திருக்கிறேன். "பெருசா ஒண்ணும் இருக்காதுண்ணே, சும்மா பார்த்துச் சொல்லு" என்ற பேச்சைக் கேட்காத நாள் இல்லை. அப்படிச் சும்மா பார்ப்பதில்தான் வண்டிக்காரரின் பணம் கரைகிறது. ஹீட் ஏறி நின்றுபோய், அப்புறம் ஸ்டார்ட் ஆகாமல் கிடக்கிற காரைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். எங்கள் பகுதியில் அடிக்கடி நடக்கிற விஷயமும் அதுதான்.

எக்ஸ்பிரஸ் ரோட்டுச் சூடு

துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்பதை இந்தப் பக்கம் வந்த எல்லோரும் பார்த்திருப்பார்கள். சாலையை அகலப்படுத்திய பிறகும், துறைமுக வாசலில் ஒரு சிக்கல் என்றால் வரிசை காசிமேட்டிலிருந்து வடக்கே வளர்ந்துகொண்டே வரும். அந்த வரிசையை ஒட்டி ஃபர்ஸ்ட் கியரில் ஊர்ந்துபோகும் காருக்குள் நடப்பது இதுதான்: எரிகிற பெட்ரோலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுவதற்கு உதவுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகப் போய்விடுகிறது. மிச்சத்தைக் கூலன்ட் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்க வேண்டும். வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் எதிர்க்காற்றே அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். ஊரும்போது எதிர்க்காற்று ஏது? ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை ஃபேன்தான் கதி. ஏசி போட்டிருந்தால், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற கண்டென்சரும் தன் சூட்டை அதே காற்றில் கொட்டும்.

இது எந்த ஊர் நெரிசலுக்கும் பொருந்தும். எங்கள் ஊருக்கென்று இரண்டு விஷயங்கள் கூடுதலாக உண்டு. ஒன்று உப்புக்காற்று. சாலைக்கும் கடலுக்கும் நடுவே கருங்கல் தடுப்பு மட்டுமே இருக்கும் இடங்கள் இங்கே இருக்கின்றன. ரேடியேட்டரின் மெல்லிய அலுமினிய மடிப்புகள் விரலால் தொட்டால் உதிர்கிற அளவுக்கு அரித்துப்போய் வருகிற வண்டிகளை நான் பார்க்கிறேன். ஃபேன் மோட்டாருக்குப் போகும் ஒயர் கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு பிடித்துக் கரன்ட் போகாமல் நின்றுவிடுவதும் சகஜம். வெளியே இருந்து பார்த்தால் ஒயர் புதுசு போலவே இருக்கும்.

இரண்டாவது தண்ணீர். ரேடியேட்டரில் குறைந்தால் கைக்குக் கிடைத்த போர் தண்ணியை ஊற்றிவிடுகிறோம். வடசென்னை நிலத்தடிக்குள் கடல்நீர் ஏறியது பழைய கதை. மீஞ்சூர் வட்டாரத்தில் 1960-களின் கடைசியிலேயே அதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் காட்டுப்பள்ளியில் 2010-இல் திறக்கும் அளவுக்கு இந்தப் பக்கத்தின் தண்ணீர்ப் பாடு இருந்தது. வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும் தண்ணீர் அலுமினியத்தை அரிக்காமல் விடுமா? கடின நீரில் உள்ள சுண்ணாம்பு, சூடேறும் இடத்தில் படிந்து ஓடாகப் பிடித்துக்கொள்ளும். அதற்குமேல் வெப்பம் உலோகத்திலிருந்து தண்ணீருக்கு இறங்காது.

கூலன்ட் என்பது சர்வீஸ் பில்லைக் கூட்ட வந்த பச்சைத் தண்ணி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாதி எத்திலீன் கிளைக்கால், பாதி டிஸ்டில்டு வாட்டர், துருப்பிடிக்காமல் காக்கிற சில ரசாயனங்கள், இவைதான் அதில் இருப்பவை. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். இந்தக் கலவை திறந்த பாத்திரத்திலேயே 106, 107 டிகிரி வரை தாங்கும். ரேடியேட்டர் மூடி ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால், வண்டிக்குள் 125 டிகிரி தாண்டிய பிறகுதான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வெடித்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு அத்தனையும் போயிற்று. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். குழந்தைகளும் நாய்களும் இருக்கிற தெருவில் அதைத் திறந்த டப்பாவில் வைக்காதீர்கள், சாக்கடையோரம் கொட்டாதீர்கள்.

கேள்வி ஒன்றல்ல, இரண்டு

போன கோடையில் எர்ணாவூரிலிருந்து ஒரு கால் டாக்சி ஓட்டுநர் தன் வண்டியை ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். சின்ன வயசு, மாசத் தவணையில் எடுத்த கார். "ஹீட் ஏறி நின்னுட்ச்சிண்ணே. செல்ஃப் சுத்துது, ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது. ரெண்டு வாரமா சவாரி இல்ல" என்றார். கையில் வேறொரு பட்டறையின் பில்கள் வைத்திருந்தார். தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, பேட்டரி, நான்கு ஸ்பார்க் பிளக், கடைசியாகப் பெட்ரோல் பம்ப். ஒவ்வொன்றும் காரணமாக இருக்கக்கூடிய பொருள்தான். ஆனால் எதையும் அளந்து பார்த்ததற்கான ஒரு வரிகூட அந்த பில்களில் இல்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். பட்டினத்தார் கோயிலைத் தாண்டும்போது சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. சென்ட்ரலுக்குப் போகிற சவாரி. ரயிலுக்கு நேரமாகிவிட்டது, நிறுத்த வேண்டாம் என்று பயணி கெஞ்சியிருக்கிறார். காசிமேடு வரை ஓட்டியிருக்கிறார். அங்கே வண்டி தானாகவே நின்றுவிட்டது. டீக்கடையில் ஒரு குடம் தண்ணீர் வாங்கி ஊற்றியிருக்கிறார். அதற்குப் பிறகு அது ஸ்டார்ட் ஆகவே இல்லை.

இந்தக் காரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. ஏன் சூடேறியது? ஏன் இப்போது ஸ்டார்ட் ஆகவில்லை? பல பட்டறைகளில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஸ்டார்ட் ஆகாததற்கான காரணத்தை மட்டும் சரிசெய்து அனுப்பினால் மறுபடி சூடேறும். சூடேறியதற்கான காரணத்தை மட்டும் சரிசெய்தால் வண்டி அசையாது. இரண்டு பதிலும் கிடைக்க வேண்டும், ஒன்று மற்றொன்றை எப்படி இழுத்துவந்தது என்ற தொடர்பும் தெரிய வேண்டும். அதற்கு அவசரப்படாமல் ஒரு வரிசையில் போக வேண்டும்.

காதில் தொடங்கும் வரிசை

ஸ்டார்ட் ஆகாத வண்டியில் முதல் கருவி காது. சாவியைத் திருப்பும்போது என்ன சத்தம் வருகிறது என்பதே பாதி வழியைக் காட்டிவிடும். ஆனால் ஹீட் ஏறிய வண்டியில் அந்தச் சாவியைத் திருப்புவதற்கு முன்பே செய்ய வேண்டியவை இருக்கின்றன. இன்ஜின் நன்றாக ஆற வேண்டும். ஒரு மணி நேரமாவது விட வேண்டும். ஆறாமல் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கொதிநீர் முகத்தில் பாயும். வெந்த கையோடு நிற்கும் ஓட்டுநர்களைப் பார்த்த பிறகு இதை எத்தனை முறை சொன்னாலும் அலுப்பதில்லை.

ஆறிய பிறகு ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. கூலன்ட் டப்பாவில் எண்ணெய் மிதக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றாமல் செல்ஃப் அடிக்கவே கூடாது. தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. மேலே ஏறும் பிஸ்டன் அதில் முட்டினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மூழ்கிய கார்களை, தண்ணீர் வடிந்ததும் அவசரமாக ஸ்டார்ட் செய்தவர்களுக்கு இந்தச் சேதம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

பிறகுதான் சாவி. வெறுமனே 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தால் மூன்று சந்தேகங்கள்: பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார், அல்லது இன்ஜினே ஜாம். பேட்டரியை மீட்டரில் பார்க்கலாம்: நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், செல்ஃப் அடிக்கும்போது 10-க்கு ரொம்பக் கீழே இறங்காது. இன்ஜின் ஜாமா என்று அறிய கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். திரும்பினால் மூச்சு விடலாம். திரும்பவே இல்லையென்றால் பிஸ்டனோ பேரிங்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது. இங்கே பெல்ட்டையும் பார்க்க வேண்டும். பல கார்களில் வாட்டர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் சுற்றுவது ஒரே பெல்ட். அது அறுந்தால் தண்ணீர் ஓட்டம் நிற்கும், சார்ஜும் நிற்கும். சூடேறியதற்கும் பேட்டரி இறங்கியதற்கும் ஒரே காரணம். அப்படிப்பட்ட வண்டிக்குப் புதுப் பேட்டரி விற்பது அநியாயம்.

செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, எதிர்ப்பே இல்லாமல் 'விர்ர்' என்று சுற்றினால் வேறு பயம். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். சில இன்ஜின்களில் வாட்டர் பம்பைச் சுற்றுவதே டைமிங் பெல்ட்தான். பம்ப் பிடித்துக்கொண்டால் பெல்ட்டும் போகும், வால்வுகள் பிஸ்டனில் இடிக்கும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் ஆர்பிஎம் ஊசியைக் கவனிக்க வேண்டும். சுற்றும்போதும் அது அசையாமல் பூஜ்யத்தில் கிடந்தால் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் வர வேண்டும். சூட்டில் செயலிழந்து, ஆறியதும் உயிர்பெறும் குணம் அந்த சென்சாருக்கு உண்டு. ஊசி அசைந்தால், பிளக்கில் தீப்பொறி வருகிறதா, பெட்ரோல் அழுத்தம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கம்ப்ரெஷன் கேஜை எடுக்க வேண்டும்.

எர்ணாவூர்த் தம்பியின் வண்டியில் கதை அங்கேதான் உடைந்தது. முதல் சிலிண்டரும் நான்காவதும் 170 பி.எஸ்.ஐ.-க்குப் பக்கத்தில் காட்டின. நடுவில் இருக்கும் இரண்டும் மூன்றும் 60-ஐத் தொடவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாக விழுந்தால், நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட் எரிந்து இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று திறந்துவிட்டன என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். ஹெட்டைக் கழற்றியபோது அப்படியே இருந்தது. அலுமினிய ஹெட் வளைந்தும் இருந்தது. பல சிறு கார்களுக்கு அனுமதிக்கப்படும் வளைவு 0.05 மில்லிமீட்டர். நேர்ப்பட்டையை வைத்து அடியில் ஃபீலர் கேஜ் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். லேத்துக்கு அனுப்பி ஃபேசிங் போட வேண்டியதாயிற்று.

ஸ்டார்ட் ஆகாததற்குப் பதில் கிடைத்துவிட்டது. சூடேறியதற்கு? ஃபேன் மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து நேரடியாகக் கரன்ட் கொடுத்தேன். சுற்றியது. ஃப்யூஸ் நல்லது, ரிலே நல்லது. கனெக்டரைப் பிரித்தேன். உள்ளே பச்சைக் களிம்பு. சில நூறு ரூபாய்க்குள் முடிந்திருக்க வேண்டிய கனெக்டர், ஒரு ஹெட்டைத் தின்று, ஒரு குடும்பத்தின் இரண்டு வார வருமானத்தையும் தின்றிருக்கிறது. அந்த பில்களில் இருந்த எந்தப் பொருளும் இந்த இரண்டு காரணங்களின் பக்கத்தில்கூட இல்லை.

கண்மூடி வைத்தியங்கள்

கண்டுபிடிக்க நேரம் கொடுக்காத இடத்தில் குறுக்குவழிகள் பிறக்கின்றன. ஹீட் ஏறுகிறது என்று வந்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது ஒன்று. அதற்குள் இருக்கும் மெழுகு 82 டிகிரியிலிருந்து 88-க்குள் உருகி விரிந்து வழி திறக்கும்படி அமைத்திருக்கிறார்கள். அது கெட்டுவிட்டதா என்று அறிய, பாத்திரத்தில் தண்ணீரோடு போட்டு அடுப்பில் வைத்து, தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். கழற்றிவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும். அடைத்துப்போன ரேடியேட்டரையும் ஓடாத ஃபேனையும் அது சரிசெய்யாது.

ஃபேனை 'டைரக்ட்' போடுவது இன்னொன்று. சாவி போட்டதும் எப்போதும் சுற்றும்படி ஒயரை மாற்றிவிடுவார்கள். சென்சாரோ ரிலேயோ கனெக்டரோ எது கெட்டது என்று தேடும் வேலை மிச்சம். மோட்டார் சீக்கிரம் தேயும். தடிமன் போதாத ஒயர் சூடேறி உருகும். மூன்றாவது, ரேடியேட்டர் கசிவை அடைக்க மஞ்சள் தூள் போடுவது. அவசரத்துக்கு வீடு போய்ச் சேர உதவியிருக்கலாம். ஆனால் இப்போதைய ரேடியேட்டர்களின் குறுகிய குழாய்களில் அது கட்டியாகி நின்றுவிடும். அடுத்த முறை வரும் சூட்டுக்கு இன்றே ஏற்பாடு செய்வதுதான் அது.

ஸ்கேனர் வந்துவிட்டதே, கம்ப்யூட்டர் சொல்லிவிடாதா என்று கேட்பார்கள். ஸ்கேனர் மிகவும் உதவும், என் பட்டறையிலும் இருக்கிறது. ஆனால் 'இன்ஜின் வெப்பம் அளவுக்கு மேல் போனது' என்று அது கோடு காட்டும். ஏன் போனது என்று சொல்லாது. கூலன்ட் முழுவதும் வெளியேறிவிட்ட வண்டியில் சென்சார் தண்ணீரில் நனையாமல் தனியே நிற்கும். அப்போது இன்ஜின் வெந்துகொண்டிருக்க, அளவு குறைவாகவே காட்டக்கூடும். சூடேறிக்கொண்டே இருந்த ஊசி திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். உடனே ஓரங்கட்டி அணையுங்கள்.

இப்போது வரும் பல சிறு கார்களில் அந்த ஊசியும் இல்லை. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, அபாயம் என்றால் சிவப்பு விளக்கு, நடுவில் ஒன்றுமில்லை. 2014 வரை ஓடிவந்த அம்பாசடர் தயாரிப்பில்கூட வெப்பத்தைக் காட்டும் ஊசி இருந்தது. ஏறுவதைப் பார்த்து ஏசியை அணைத்து, ஓரமாக நிறுத்தி, வண்டியைக் காப்பாற்ற நேரம் கிடைத்தது. ஓட்டுநருக்கு எச்சரிக்கையைப் படிப்படியாகக் காட்டும் ஊசி எல்லாக் கார்களிலும் திரும்ப வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்ஸ்பெக்ஷன் தெரிந்த ஊர்

வாகனங்களும் அவற்றின் பாகங்களும் பிறந்த ஊர் எங்களுடையது. 1946-இல் பலூன் செய்யும் கொட்டகையாக எம்.ஆர்.எஃப். தொடங்கியது திருவொற்றியூரில். 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பொருத்தியது, பிறகு லேலண்ட் லாரிகளுக்கு மாறி, 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட்டுகள் வந்ததும் திருவொற்றியூரிலிருந்துதான்.

என் அப்பா இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தார். மைக்ரோமீட்டரும் வெர்னியரும் டயல் கேஜும்தான் அவர் கருவிகள். வேலை நேரத்தில் அவர் ஒரு போல்ட்டைக்கூட முடுக்கியதில்லை. அளப்பார், குறிப்பார், இது சரி, இது தள்ளுபடி என்று சொல்வார். "வெறுமனே பார்க்கிற ஆளுக்கு எதற்குச் சம்பளம்" என்று எந்த நிர்வாகமும் கேட்டதில்லை. அளப்பவர் இல்லாவிட்டால் தப்பான பாகம் வண்டிக்குள் போய்விடும், அதன் செலவு அவர் சம்பளத்தைப்போலப் பல மடங்கு என்று அவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட தொழிற்சாலைகளின் மதிலை ஒட்டிய தெருக்களில் வளர்ந்த பட்டறைகளில், அளப்பதற்குக் கூலி இல்லை என்ற வழக்கம் எப்படி நிலைத்தது?

அந்த வழக்கம் மெக்கானிக்கை எங்கே தள்ளுகிறது என்று பாருங்கள். ஒன்றரை மணி நேரம் செலவிட்டு, "கனெக்டர்தான், மாத்தினாப் போதும்" என்று உண்மையைச் சொல்பவருக்குக் கிடைப்பது கனெக்டர் போட்ட கூலி மட்டும். பத்து நிமிடத்தில் ஊகித்து ரேடியேட்டரை மாற்றுபவருக்குப் பாகத்தில் லாபம், பொருத்தும் கூலி இரண்டும் கிடைக்கும். ஊகித்தவனுக்கு அதிகம், தெரிந்தவனுக்குக் குறைவு. இப்படி ஒரு கணக்கை வைத்துக்கொண்டு "மெக்கானிக்குகள் ஏமாற்றுகிறார்கள்" என்று பொதுவாகக் குறைசொல்வது சரியல்ல. நேர்மையாக இருப்பவர் நஷ்டப்படும்படி நாம்தான் கூலியை அமைத்து வைத்திருக்கிறோம்.

வண்டிக்காரருக்கும் இதில் வேறு பாதுகாப்பு இல்லை. வழக்கமான வாகனக் காப்பீட்டில் இயந்திரக் கோளாறும் மின்கோளாறும் சேராது. ஹீட் ஏறி ஹெட் போனால் முழுச் செலவும் அவர் தலையில்தான். கால் டாக்சியோ லோடு வண்டியோ ஓட்டிப் பிழைப்பவருக்கு வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் தவணைக்கான பணத்திலிருந்து கழிகிறது. அவருக்குத்தான் சரியான பழுதறிதல் எல்லோரையும்விட அதிகமாகத் தேவை. ஆனால் அந்தக் கூலியைக் கொடுக்க அதிகம் தயங்குபவரும் அவர்தான்.

என்ன செய்யலாம்

ஏழை ஓட்டுநரிடம் இன்னொரு கட்டணமா என்று கேட்பவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. என் பட்டறையில் சோதனைக்கு 600 ரூபாய் வாங்குகிறேன். பழுதை என்னிடமே சரிசெய்தால் அதைக் கூலியில் கழித்துக்கொள்கிறேன். வேறு இடத்துக்குப் போக விரும்பினால், அளந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன். நான்கு சிலிண்டரின் கம்ப்ரெஷன், பேட்டரி வோல்ட், ஃபேன் ஓடுகிறதா, கூலன்ட் அழுத்தத்தைத் தாங்குகிறதா, என் முடிவு என்ன, எதனால் அந்த முடிவு. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எந்தப் பட்டறைக்கும் போகலாம். என் முடிவு தவறென்று அங்கே நிரூபித்தால் அதுவும் அவருக்கு லாபம்தான்.

கட்டணம் வாங்கிக்கொண்டு பார்க்காமலேயே எழுதிக்கொடுக்கும் ஆட்களும் வருவார்கள் என்பது உண்மை. அதற்குத்தான் எண்கள். "கேஸ்கட் போயிருக்கும்" என்று வாயால் சொல்வதை யாரும் சோதிக்க முடியாது. "இரண்டாம் சிலிண்டர் 60" என்று எழுதினால் அடுத்த பட்டறையில் கேஜைச் செருகிச் சரிபார்க்க முடியும். எழுதிக் கையெழுத்திட்ட எண்ணுக்கு எழுதியவர் பொறுப்பு. மாற்றிய பழைய பாகங்களையும் வண்டிக்காரரிடமே திருப்பிக் கொடுப்பது கட்டாய வழக்கமாக வேண்டும்.

சக மெக்கானிக்குகளுக்கு ஒரு வார்த்தை. கூலி கேட்கும் உரிமை அளக்கும் பொறுப்போடு சேர்ந்தே வரும். கம்ப்ரெஷன் கேஜ், மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ், நேர்ப்பட்டை ஆகிய நான்கும் நம் வருமானத்துக்கு எட்டாதவை அல்ல. இவை இல்லாமல் "அனுபவத்துல சொல்றேன்" என்று ஒரு ஹெட்டைக் கழற்றச் சொல்லும் துணிச்சல் நமக்கு வேண்டாம். அனுபவம் எங்கே அளக்க வேண்டும் என்று காட்டும். அளவை அதனால் தர முடியாது.

அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. 2014 ஆகஸ்ட் 25-ஆம் தேதி இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அசல் உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் தொழில்நுட்பக் கையேடுகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தது போட்டிக்கு எதிரானது என்பதுதான் அதன் சாரம். அதன் பேரில் வழக்குகள் நீண்டன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-இல் மக்களே வாக்களித்து, பழுதுபார்க்கத் தேவையான தகவலைத் தனிப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். நம் நாட்டில் 2022-இல் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று குழு அமைத்தபோது வாகனங்களும் அதில் இடம்பெற்றன. அது சட்டமாக வேண்டும். இந்த இன்ஜினுக்கு ஹெட் போல்ட்டை எந்த வரிசையில், எத்தனை டார்க்கில் முடுக்க வேண்டும் என்ற தகவல் கம்பெனிக்குச் சொந்தமான ரகசியமாக இருக்கக் கூடாது. தப்பான வரிசையில் முடுக்கினால் புதுக் கேஸ்கட்டும் மறுபடி போகும். அதை வாங்கியவர் யாரோ ஒரு ஓட்டுநர்.

தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கழற்றி மாட்டுவதைச் சொல்லித் தருகிறார்கள். பழுது வைத்த வண்டியைக் கொடுத்து, எதையும் மாற்றாமல் காரணத்தை மட்டும் எழுதித் தரச் சொல்லும் தேர்வும் இருக்க வேண்டும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளில் ரிவர்ஸ் எடுக்கக் கற்றுத் தருவதோடு, சிவப்பு விளக்கு எரிந்தால் செய்ய வேண்டியதையும் சொல்லித் தர வேண்டும். ஏசியை அணை. ஓரங்கட்டு. இன்ஜினை நிறுத்து. மூடியைத் தொடாதே. சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதே. உடனே நிறுத்த முடியாத இடமென்றால் ஹீட்டரை முழு அளவில் திறந்து ஃபேனை வேகமாக வை. உள்ளே இருப்பவர்களுக்கு வியர்க்கும், ஆனால் இன்ஜினின் சூட்டில் கொஞ்சம் அந்த வழியாக இறங்கும். ரயிலுக்கு அவசரப்படும் பயணிகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விளக்கு எரிந்த பிறகு ஓட்டச் சொல்லும் ஒவ்வொரு கிலோமீட்டரும் ஓட்டுநரின் முதலுக்கு வைக்கும் வேட்டு.

உங்கள் வண்டி எங்கே நின்றாலும், பட்டறையில் "எவ்வளவு ஆகும்" என்று கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: ஏன் சூடேறியது, ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை? எதை அளந்து அதைச் சொல்கிறீர்கள் என்று மூன்றாவதாகவும் கேளுங்கள். அதற்கு எண்களோடு பதில் சொல்லும் மெக்கானிக்குக்கு அவர் செலவிட்ட நேரத்துக்கான கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் எந்தப் பாகத்தையும் மாற்ற அனுமதிக்காதீர்கள்.